குளித்தால் எது போகிறது?

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் செத்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் நேரே வாசலால் உள்ளே போக முடியாது. வளவைச் சுற்றிப் பின்பக்கத்தால் கிணற்றடிக்குப் போய், உடுத்தியிருக்கிற உடுப்போடேயே தலையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, அதைக் கழற்றி நனைத்துப் போட்டுவிட்டுத்தான் படி ஏற வேண்டும். அம்மம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பா. "ஒண்டையும் தொடாத மனே, முழுகிட்டு வா." எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது இருக்கும். செத்த வீட்டில் நான் செய்ததெல்லாம் பந்தலுக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்ததுதான், பிரேதத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கக்கூட இல்லை. என்னில் அப்படி என்ன ஒட்டியிருக்கிறது என்று கேட்டேன். "துடக்கு" என்றா. அதற்கு மேல் விளக்கம் இல்லை.

அந்தக் கேள்வி என்னோடு இவ்வளவு காலமும் வந்திருக்கிறது. குளித்தால் அழுக்குப் போகும், சரி. அழுக்கே இல்லாதவனைக் குளிக்கச் சொன்னால் எது போகிறது?

முதலில் சொல்லையே பார்ப்போம். தமிழ்நாட்டில் தீட்டு என்பார்கள். நாங்கள் துடக்கு என்கிறோம், எழுத்தில் தொடக்கு என்றும் வரும். தொடக்குதல் என்றால் கட்டுதல், பிணைத்தல், சிக்கவைத்தல். தீட்டு என்ற சொல்லில் எதையோ பூசிவிட்டது போன்ற ஒரு வாடை இருக்கிறது. துடக்கில் அது இல்லை. நீ ஒன்றோடு பிணைந்துபோயிருக்கிறாய், அந்தப் பிணைப்பு இன்னும் அவிழவில்லை என்பதுதான் அந்தச் சொல் சொல்வது. அது போகிற நாளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் துடக்குக் கழிவு. துடக்கைக் கழுவுகிறோம் என்று யாரும் சொல்வதில்லை, கழிகிறது, கழிக்கிறோம் என்றுதான் சொல்வோம்.

இதை நான் வெறும் சொல்விளையாட்டாகச் சொல்லவில்லை. நடைமுறையைப் பாருங்கள். அப்பாவின் தம்பி கனடாவில் இருக்கிறார், இங்கே பெரியவர் ஒருவர் தவறிவிட்டார், சித்தப்பாவுக்கு இரவு இரண்டு மணிக்குப் போன் போகிறது. அந்த நிமிடத்திலிருந்து அவருக்கும் துடக்கு. பிரேதத்தைப் பார்க்கவில்லை, தொடவில்லை, ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் பனிக்குள் இருக்கிறார், ஆனாலும் அங்குள்ள கோயிலுக்குப் போவதை நிறுத்திக்கொள்கிறார். அதே நேரம் இங்கே பிரேதத்துக்குப் பக்கத்தில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் காலையில் ஒருதரம் முழுகினால் போதும், அவருக்கு அவ்வளவுதான். கிருமிதான் காரணம் என்றால் கணக்கு நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? அதனால்தான் "முன்னோர் அப்பவே கிருமியைக் கண்டுபிடித்து இதையெல்லாம் வைத்தார்கள்" என்று யாராவது பெருமையாகச் சொல்லும்போது என்னால் தலையாட்ட முடிவதில்லை. துடக்கு உறவின் வழியே போகிறது. மட்டக்களப்பில் தாய்வழிக் குடி, அதாவது தாயின் வழியாக வரும் குலப் பிரிவு, இன்னும் உயிரோடு இருக்கிற ஒன்று என்பதால், யார் யாருக்குத் துடக்கு என்ற கணக்குக்குள் குடியும் வந்துவிடும்.

முப்பத்தோராம் நாள் கழிவு வரைக்கும் அந்த வீட்டுக்காரர் கோயில் காரியம், கலியாண வீடு எதற்கும் போகத் தேவையில்லை, யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். முதல் நாட்களில் அடுப்பு மூட்டுவதில்லை, சோறும் தேத்தண்ணியும் அக்கம்பக்கத்திலிருந்து வரும். பிள்ளை பிறந்த வீட்டிலும் கிட்டத்தட்ட இதே ஒழுங்குதான். நான் இதை ஒரு சலுகையாகத்தான் பார்க்கிறேன். அப்பா போய் நான்காம் நாள் ஒரு திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டிய கட்டாயம் எனக்கு இருக்கவில்லை. ஊர் என்னை விட்டுவைத்தது, பிறகு ஒரு நாளைக் குறித்துத் திரும்பவும் கூப்பிட்டது.

இதைச் சொன்னதால் சோப்பைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உடலின் சுத்தம் வேறு வேலை, அதற்கு வேறு ஆதாரம் இருக்கிறது. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிணம் அறுத்துப் பார்த்துவிட்டு அதே கையோடு பிரசவ அறைக்கு வருகிறவர்கள்தான் தாய்மாரைக் கொல்கிறார்கள் என்று கண்டுகொண்டு, குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவச் செய்தார். அந்தப் பிரசவப் பிரிவில் அந்த ஏப்ரலில் 100க்கு 18 பேர் செத்துக்கொண்டிருந்தார்கள், சில மாதங்களுக்குள் அது 2 ஆகக் குறைந்தது. ஆனாலும் அன்றைய வைத்தியர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. மரண அறைக்கும் பிரசவ அறைக்கும் நடுவில் கை கழுவு என்கிறதை அம்மம்மாவிடம் சொல்லியிருந்தால் காரணம் கேட்டிருக்கவே மாட்டா. ஆனால் அவ கழுவச் சொன்னது கையிலுள்ள கிருமிக்காக அல்ல. இரண்டும் ஒரே வாளித் தண்ணீரில் நடப்பதால்தான் இரண்டையும் ஒன்று என்று நாம் நினைத்துவிடுகிறோம்.

தண்ணீரால் எது முடியும், எது முடியாது என்பதை எங்களுக்குப் படிப்பித்தது சுனாமி.

2004 டிசம்பர் 26, பூரணை நாள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல் உயிர்கள், இலங்கையிலேயே ஆகக் கூடிய இழப்பு அங்கேதான். மட்டக்களப்பில் கல்லடி, திருச்செந்தூர், நாவலடி, தெற்கே கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று எழுவான்கரை என்கிற கடலோரப் பக்கம் முழுக்கத் துடைத்துக்கொண்டு போனது. உயிர் தப்பியவர்கள் முகாம்களிலிருந்து வளவுக்குத் திரும்பி வந்தபோது முதலில் எட்டிப் பார்த்தது கிணற்றைத்தான். கிணறு நிறையக் கடல்தண்ணீர், மணல், இடிந்த மலசலகூடங்களின் கழிவு, ஓலை, சட்டி பானை. சில கிணறுகளில் மனிதர்கள்.

பவுசரில் தண்ணீர் வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வந்து கிணறுகளுக்குக் குளோரின் போட்டார்கள், அது கிருமியைக் கொன்றது, உப்பை ஒன்றும் செய்யவில்லை. சரி, உப்புத்தண்ணீரை இறைத்துவிட்டால் நல்ல தண்ணீர் ஊறும் என்று மோட்டர் வைத்து இறைத்தோம். அடி தெரிய இறைத்தால் மறுநாள் உப்பாகவே ஊறும், திரும்பவும் இறைப்போம். கிணற்றடியிலேயே ஊற்றிய உப்புத்தண்ணீர் மணலுக்குள்ளால் இறங்கித் திரும்பவும் கிணற்றுக்கே வந்தது. சில கிணறுகள் இறைத்த இறைப்பில் சுவர் சரிந்து உள்ளே விழுந்தன.

ஏன் அப்படி ஆனது என்றால், எங்கள் கடற்கரைக் கிராமங்கள் நிற்பது மணல் மேட்டில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத்தண்ணீருக்கு மேலே ஒரு பாய் விரித்தது போல மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரை விட இலேசு, அதனால்தான் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை அதனால் உப்பைத் தள்ளி வைத்திருக்க முடியும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. மேலே அவசரப்பட்டு இறைத்தால் அந்தப் பாய் மெலிந்து, அடியிலுள்ள உப்பு மேலே ஏறும். நாங்கள் சுத்தம் செய்யச் செய்யக் கிணறு கெட்டது. ஓயாமல் இறைப்பதை நிறுத்துங்கள், மழைக்கு விடுங்கள் என்று பிறகு அறிவுறுத்தல் வந்தது. ஒரு லீற்றர் கடல்தண்ணீரில் 35 கிராம் அளவு உப்பு இருக்கிறது, அவ்வளவையும் மணலுக்குள்ளிருந்து தள்ளிக் கடலுக்கே திருப்பி அனுப்ப வாளியாலும் மோட்டராலும் முடியாது. மாரி வந்தது, வாடைக்காற்றோடு நாட்கணக்கில் பெய்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கிணறுகள் திரும்பின, சிலதுக்கு ஒரு மாரி போதவில்லை.

எங்கள் உறவில் ஒரு வீட்டுக் கிணறு மட்டும் தண்ணீர் நல்லதாகிய பிறகும் திரும்பவில்லை. அதற்குள்ளிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கியிருந்தார்கள், அவர்களுடைய பிள்ளையும் அல்ல, அலை கொண்டுவந்த பிள்ளை. பரிசோதகர் குடிக்கலாம் என்று சொன்னார், நாங்களும் குடித்துக் காட்டினோம். மாமி கடைசிவரை அந்தத் தண்ணீரை எடுக்கவே இல்லை, பிறகு மாமா அதை மூடிவிட்டு வேலியோரமாக இன்னொன்று தோண்டினார். அதை மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வராது. மாமி அந்தப் பிள்ளையோடு பிணைந்துபோயிருந்தா, அவ்வளவுதான்.

அப்புறம், தண்ணீரைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊர்களில் வாழும் முஸ்லிம்களின் வழக்கத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. காத்தான்குடிக்காரனான என் நண்பன் ஒருநாளைக்கு ஐந்து வேளை தொழுகைக்காக ஒழு எடுப்பவன். முகம், முழங்கை வரை கை, தலையை ஈரக்கையால் தடவுதல், கரண்டை வரை கால், இந்த ஒழுங்கு மாறக்கூடாது, முகம் கழுவத் தொடங்கும்போதே மனதில் நிய்யத், அதாவது எண்ணம், வைக்க வேண்டும். மழையில் நனைந்து கைகால் முகம் எல்லாம் கழுவுப்பட்டாலும் நிய்யத் இல்லாவிட்டால் அது ஒழு ஆகாது என்றான். எங்கள் பக்கப் பள்ளிவாசல்களில் ஒழு எடுக்கும் தண்ணீர்த் தொட்டியான ஹவுழ் அவ்வளவு பெரிதாகக் கட்டியிருப்பதற்கும் காரணம் உண்டு. இங்குள்ளவர்கள் பெரும்பாலும் ஷாபிஈ என்ற சட்டமரபைப் பின்பற்றுகிறவர்கள், அந்தச் சட்டப்படி தேங்கி நிற்கிற தண்ணீர் இரண்டு குல்லத் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 200 லீற்றருக்குக் குறைவாக இருந்தால், அதற்குள் கையைவிட்டுக் கழுவினால் அது பாவித்த தண்ணீர் ஆகிவிடும், இன்னொருவர் அதில் ஒழு எடுக்க முடியாது. ஆனால் தண்ணீரே இல்லாவிட்டால்? சுத்தமான மண்ணில் கையை வைத்து முகத்தையும் கையையும் தடவினால் போதும், அது தயம்மும். சுத்தமாவதற்கு மண்! உடல் அழுக்கு மட்டும்தான் விஷயம் என்றால் இதற்கு அர்த்தமே இல்லை.

அதே சுத்தம் மறுக்கப்பட்டபோது எவ்வளவு வலிக்கும் என்பதையும் பார்த்தோம். இறந்தவரைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, தொழுவித்து, அடக்கம் செய்வது உயிரோடிருப்பவர்களின் கடமை. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி கொவிடில் இறந்தவர்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிக்கொண்டிருக்கும்போது இங்கே பிறந்து இருபது நாளான குழந்தையைக்கூட எரித்தார்கள். பொரளை மயானத்து வேலியில் சனங்கள் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டுப் போனது அந்த நாட்களில்தான். 2021 மார்ச்சில் எங்கள் மாவட்டத்தின் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள், நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்பதற்குத் தீர்மானித்தது. நண்பனின் வாப்பா அடக்கம் தொடங்குவதற்கு முந்திய மாதங்களில் போய்விட்டார். "மச்சான், எங்கட வாப்பாவ நாங்க குளிப்பாட்டல்ல" என்று அவன் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எரித்ததை விட அதைத்தான் அதிகம் சொல்கிறான்.

கழுவுவது என்றால் தொடுவது. கத்தோலிக்கக் கோயில்களில் பெரிய வியாழன் அன்று குருவானவர் குனிந்து பன்னிரண்டு பேரின் காலைக் கழுவித் துடைப்பார். நீண்ட காலம் ஆண்களின் கால் மட்டும்தான், 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ் பெண்களையும் சேர்க்கலாம் என்று ஒழுங்கை மாற்றினார்.

கண்ணகை அம்மன் சடங்கில் கழிப்பது வேறொன்று. காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம், பட்டிமேடு என்று எத்தனையோ ஊர்களில் வைகாசியில் கதவு திறந்து சடங்கு நடக்கும். அதற்கு முன்பே ஊர் சுத்தமாகிவிடும், வளவு கூட்டி, வீடு கழுவி, மச்சம் மாமிசம் விட்டு, சட்டிபானையைக்கூடப் பிரித்து வைப்பார்கள். ஆனால் கடைசியில் நடப்பதன் பெயர் திருக்குளிர்த்தி. மதுரையை எரித்துவிட்டு வந்த ஒரு பெண்ணின் கோபம் இன்னும் ஆறவில்லை, அதைக் குளிரப் பண்ண வேண்டும், அவ குளிர்ந்தால்தான் ஊரும் குளிரும், மழை பெய்யும், அம்மாள் வருத்தம் என்கிற அம்மை நோய் அண்டாது. பூசாரியான கப்புகனார் குளிர்த்தித் தண்ணீரைத் தெளிக்கும்போது சனங்கள் ஒரு துளிக்காக முண்டியடிப்பதைப் பார்க்க வேண்டும். பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது என்று 1980இல் அறிவித்தார்கள், தடுப்பூசி ஒழித்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நியாயம் கிடைக்காத கோபம் ஒழியவில்லையே. இந்தச் சடங்கில் யாரும் கண்ணகையைப் பார்த்து "நீ கோபப்பட்டது பிழை" என்று சொல்வதில்லை. அவளுடைய கதையைச் சொல்கிற வழக்குரைப் பாட்டை முழுக்கப் பாடுவார்கள், நடந்த அநியாயம் முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் குளிர்த்தி. இந்த முறை எனக்கு மிகவும் பெரிதாகத் தெரிகிறது, யுத்தம் கண்ட ஒரு மாவட்டத்தில் இருந்துகொண்டு பார்க்கும்போது இன்னும் பெரிதாக.

இனி எது பிழையாகப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் துடக்கு என்ற சொல்லால் அடிபட்டவர்கள் எங்கள் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவிழ்கிற ஒரு பிணைப்பை ஒட்டிக்கொண்ட அழுக்கு என்று மாற்றிவிட்டால், அடுத்ததாக அந்த ஆளையே அழுக்கு என்பது எளிது. மாதத்தில் மூன்று நாள் என் அக்கா தனிப் பாயில், தனிக் கோப்பையோடு ஒதுங்கியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன், அதில் எந்தச் சலுகையும் இல்லை, சோதனை நாளும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியும் அவளுக்கு அப்படியே போயின. சாவு வீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் வெள்ளைத் துணி கொண்டுவந்து கட்டிய சலவைத் தொழிலாளர் வராவிட்டால் சடங்கே நடக்காது, அந்தக் காலத்தில் அவர்களைத் திண்ணையைத் தாண்ட விட்டதில்லை. ஊரின் துடக்கைக் கழித்துக் கொடுத்தவர்கள் தலையிலேயே அதைக் கட்டிவிட்டோம். இன்றைக்கு விடியக்காலையில் வீதி கூட்டுகிறவரிடம் எத்தனை பேர் ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்துப் பேசுகிறோம்?

கழிவு என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறதே. கழித்தது எங்கோ போய்ச் சேர வேண்டும். நாவூறு கழித்த மிளகாயை அடுப்பில் போடுவோம், அது எரிந்துபோகும். பொங்கலுக்கு முன் வீடு முழுவதையும் துப்பரவாக்கிப் பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் உழவு இயந்திரம் வந்து ஏற்றிக்கொண்டு போகும், நம் வளவு சுத்தம். அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்ற இடத்தில் சுற்றுவட்டாரக் குப்பையெல்லாம் கொட்டுகிறார்கள். காட்டு யானைகள் வந்து அதைத் தின்கின்றன. 2022 தொடக்கத்தில் வந்த செய்திப்படி எட்டு வருடத்துக்குள் ஏறக்குறைய 20 யானைகள் அங்கே செத்துப்போயின, வெட்டிப் பார்த்தால் வயிற்றுக்குள் சாப்பாட்டு உறைகளும் பிளாஸ்டிக்கும். நம்முடைய சுத்தம் இன்னொரு உயிரின் வயிற்றில் இருந்தது.

சுத்தம் என்ற சொல் ஆட்களுக்குப் பயன்பட்ட நாட்களையும் இந்த மண் பார்த்திருக்கிறது. இனச்சுத்திகரிப்பு என்று எழுதும்போதே கை கூசுகிறது, மனிதரைக் கழிவாக்குகிற சொல் அது. 1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடியில் இஷா என்ற இரவுத் தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். எல்லோரும் ஒழு எடுத்துவிட்டு வரிசையில் நின்றவர்கள். அதே வருடம் செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டானில் தமிழ்ச் சனங்களைப் பிள்ளைகுட்டியோடு இராணுவம் கொன்றது. காத்தான்குடிப் பள்ளிவாசல் சுவரில் அந்தச் சூட்டுத் துளைகளைப் பூசி மறைக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நோன்புக்கும் சுவருக்கு வெள்ளை அடிக்கிற ஊரில் அந்த இடத்தை மட்டும் விட்டிருக்கிறார்கள். அதை அழுக்கு என்று நினைத்துப் பூசுவதற்கு யாருக்கும் உரிமையில்லை. வழக்குரை இன்னும் பாடி முடியவில்லை.

போன ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் போயிருந்தேன். அப்பா இல்லாதவர்களின் நாள் அது, அம்மா இல்லாதவர்களுக்குச் சித்திரைப் பறுவம். அமிர்தகழிக் கேணியைச் சுற்றி நிற்க இடமில்லை, ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கி ஏறியதில் தண்ணீர் கலங்கிச் சேறாக இருந்தது. பரிசோதனைக்குக் கொண்டுபோனால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், வீட்டுக்கு வந்து சோப் போட்டுக் குளித்தேன், பிள்ளையையும் குளிப்பாட்டினேன். ஆனால் அந்தத் தண்ணீரில் இறங்காமல் வர முடியாது. கரையில் வரிசையாக உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தோம், அப்பாவின் பெயர், அவரின் அப்பாவின் பெயர், அதற்கு மேல் எனக்குத் தெரியாத பெயர்களை ஐயரே சொல்லிக்கொடுத்தார். முடிந்ததும் மோதிர விரலில் போட்டிருந்த தர்ப்பைப் பவித்திரத்தை முடிச்சவிழ்த்துப் போடச் சொன்னார். பவித்திரம் என்றால் சுத்தம் என்றுதான் அர்த்தம். புல் நனைந்து முடிச்சு இறுகிப்போயிருந்தது, விரல் விறைத்து அவிழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு பெரியவர் தன்னுடையதை முடித்துவிட்டு என் கையைப் பிடித்து, "மெதுவா தம்பி, இழுக்காத, இறுகும்" என்று சொல்லி, நகத்தால் அதை அவிழ்த்துத் தந்தார்.